கம்ப்யூட்டருக்குள் கொரோனா ஒட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கொரோனா வைரஸின் முள் நம் செல்லில் போய் எப்படி மாட்டுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். பாதிக்கு மேல் நம்ம சேலத்துக் கடிதங்கள். ‘எங்க ஊர்ப் பொண்ணுதானே’ என்கிற உரிமையில் சிலவற்றில் அதட்டலும் இருந்தது. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, கிடைத்த இடத்தில் அடங்கியதைச் சொல்கிறேன்.

“வைரஸும் உங்ககிட்ட இல்லை, மனுஷ உடம்பும் உங்ககிட்ட இல்லை. ரெண்டும் இல்லாமல் ஒட்டுதா ஒட்டலையான்னு எப்படிச் சொல்றீங்க? ஜோசியமா?”
*– கொலுசுப் பட்டறை நடத்துபவர், செவ்வாய்ப்பேட்டை*

அண்ணா, உங்களுக்குப் பதில் சொல்வது எனக்கு ரொம்ப சுலபம். என் அப்பாவுக்கும் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைதான். கொக்கியின் வளைவையும் அது மாட்டும் வளையத்தையும் கையில் வைத்து ஒரு பார்வை பார்ப்பார். மாட்டிக்கூடப் பார்க்க மாட்டார். “இது கழண்டுரும், மாத்து” என்பார். அளவு தெரிந்தவருக்கு அது போதும். எங்களுக்கும் அளவு தெரியும். அதை அளந்து கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கு ஸ்பைக் புரதம் என்று பெயர். ஒவ்வொன்றும் 1273 அமினோ அமிலம் நீளமுள்ள மூன்று இழைகள் பின்னி ஒரு முள் ஆகிறது. இழையின் முழு நீளமும் ஒட்டுவதில்லை. ஏறத்தாழ 319-ஆம் எண்ணிலிருந்து 541 வரை உள்ள துண்டுதான் கொக்கி. நம் பக்கத்து வளையம் ஏஸ்-2 என்ற புரதம்; ஏற்பி என்பதும் இதைத்தான். நுரையீரல், குடல், சிறுநீரகம், இதயம் என்று பல இடத்தில் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வைரஸுக்காக அது அங்கே இல்லை. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதில் அதற்கு ஒரு பங்கு உண்டு. வந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். 2003-இல் பரவிய, இதே இனத்து முதல் சார்ஸ் வைரஸுக்கும் இதே ஏஸ்-2தான் வாசல் என்று அந்த ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதனால்தான் 2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் புது வைரஸின் மரபணு வரிசை வெளியானதும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இதன் முள் பழைய சார்ஸின் முள்ளோடு நூற்றுக்கு 76 அளவில் ஒத்துப்போனது. பழைய அச்சை வைத்துப் புதுக் கொக்கியைக் கம்ப்யூட்டரில் வடித்துப் பார்த்தார்கள். பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு முழு முள்ளையும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்து வெளியிட்டது. மார்ச் கடைசியில் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகக் குழு, கொக்கியும் வளையமும் மாட்டிய நிலையிலேயே படிகமாக்கி, எக்ஸ்ரே மூலம் 2.45 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அளந்து கொடுத்தது (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). கொக்கியில் 17 அமினோ அமிலங்கள் வளையத்தில் 20-ஐத் தொடுகின்றன என்று அதில் எண்ணியே சொல்லிவிட்டார்கள். என் கையில் இருப்பது அந்தக் கோப்புதான். ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று மூன்று மூன்று எண்கள், பக்கம் பக்கமாக. ஜோசியம் இல்லை அண்ணா, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், அது வேறு.

அப்பா இன்னொன்றும் சொல்வார். “மேசை மேல மாட்டுறது பெருசில்ல. பொண்ணு காலுல போட்டு நடக்கும்போது கழலாம இருக்கணும்.” எங்கள் தொழிலிலும் இப்படி ரெண்டு வேலை உண்டு. மாட்டிப் பார்ப்பதற்கு டாக்கிங் என்று பெயர். சின்ன மூலக்கூறு என்றால் நிமிடங்களில் முடிந்துவிடும். நடக்கவிட்டுப் பார்ப்பதற்கு மூலக்கூறு இயக்கக் கணக்கு. சுற்றிலும் தண்ணீர், உப்பு எல்லாம் கொட்டி, ஒவ்வொரு அணுவையும் மற்ற அணுக்கள் எவ்வளவு தள்ளுகின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்து, ஒரு துளி நகர்த்தி, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நகர்த்தல் என்பது பொதுவாக 2 ஃபெம்டோ நொடி. உண்மையான ஒரே ஒரு நொடியைப் பார்க்க வேண்டுமானால் 5 கோடி கோடி தடவை நகர்த்த வேண்டும். அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் என் பெட்டி ராப்பகலாக ஓடினால் சில பத்து நானோ நொடிதான் தேறும் (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). 2020 மே மாதத்து வெயிலில் அதற்கு ஒரு டேபிள் ஃபேன், எனக்கு ஈரத்துண்டு. கோடை மழைக்குக் கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும், நான் மாடிப்படியில் ஓட ஆரம்பிப்பேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், இந்தக் கொக்கி வெள்ளிக் கொக்கி மாதிரி விறைப்பானது இல்லை. மூன்று இழைகளின் நுனிகளும் பெரும்பாலும் மடங்கிக் கிடக்கும்; நிமிர்ந்த நுனிதான் மாட்டும். முள்ளின் மேல், ஒவ்வொரு இழைக்கும் 22 இடத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் படர்ந்திருக்கின்றன. நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமலிருக்க அது போர்வை என்றுதான் நினைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு குழு பெரிய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது, 165, 234-ஆம் இடத்துச் சர்க்கரைகள் நிமிர்ந்த நுனிக்கு முட்டுக்கொடுப்பது தெரிந்தது, வாழைத்தாருக்கு மூங்கில் முட்டுக் கொடுப்போமே அப்படி. பிறகு ஆய்வகத்தில் அந்தச் சர்க்கரை ஏறாதபடி முள்ளை மாற்றிச் சோதித்தார்கள். ஒட்டுவது நிஜமாகவே குறைந்தது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த கதை இதுதான். அசையாத படத்தை எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

“மிளகிலும் கபசுரக் குடிநீரிலும் இருக்கும் சத்து கொரோனா முள்ளை அடைக்கிறது என்று கம்ப்யூட்டரில் நிரூபித்துவிட்டதாக எங்கள் குழுவில் வந்தது. எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடிதான். உண்மையா?”
*– காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு*

‘நிரூபித்துவிட்டது’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. மற்றபடி அப்படிக் கட்டுரைகள் வந்தது உண்மை. கபசுரக் குடிநீரில் உள்ள மூலக்கூறுகளை ஸ்பைக் புரதத்தோடு டாக்கிங் செய்த ஆய்வுகள் 2020-லேயே வந்தன. அதே மாதிரி மஞ்சள், துளசி, கருஞ்சீரகம் என்று அஞ்சறைப்பெட்டியில் இருப்பது ஒவ்வொன்றையும் யாராவது மாட்டிப் பார்த்திருப்பார்கள்.

நானும் பார்த்தேன். ஊரடங்கில் முதல் வேலையாக உங்கள் மிளகின் பைபரைனைத்தான் எடுத்தேன். மதிப்பெண் நன்றாக வந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தோழியைக் கூப்பிட்டு, “பேப்பருக்குச் சொல்லலாமா?” என்று கேட்டேன். அவள் மருந்தியல் படித்தவள். “அதே இடத்துல கொலஸ்ட்ராலை மாட்டிப் பாரு” என்றாள். மாட்டினேன். கொலஸ்ட்ரால் பைபரைனைத் தாண்டிவிட்டது. அப்படிப் பார்த்தால் தினமும் நெய் பரோட்டா தின்பவருக்குக் கொரோனாவே வரக்கூடாது. நான் பேப்பருக்குச் சொல்லவில்லை.

டாக்கிங் மென்பொருள் தொடும் இடங்களைக் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறது. மூலக்கூறு பெரிதானால் தொடும் இடம் கூடும், மதிப்பெண்ணும் கூடும். அந்த எண் ஒட்டும் ஆற்றலின் கணிப்பு; அதில் இரண்டு, மூன்று கிலோ கலோரி பிசகு வருவது சாதாரணம். உடம்புச் சூட்டில் 1.4 கிலோ கலோரி வித்தியாசம் என்றாலே ஒட்டும் பலம் பத்து மடங்கு மாறிவிடும்; 2.8 என்றால் நூறு மடங்கு. நூறு ரூபாயா பத்தாயிரமா என்று சொல்லத் தெரியாத விலைச்சீட்டை வைத்து யாராவது காபிக்கொட்டை விற்பார்களா?

இன்னொரு சிக்கல், இந்த இடத்தின் அமைப்பு. முள்ளும் ஏஸ்-2வும் சேரும் பரப்பு அகலமானது, ஏறக்குறையத் தட்டையானது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிடுங்கள். நடுவில் ஒரு மிளகை வையுங்கள். கும்பிடு தடைப்படுகிறதா? சின்ன மூலக்கூறு உட்கார்ந்து மல்லுக்கட்ட அங்கே ஆழமான குழி கிடையாது. அதே வைரஸின் இன்னொரு புரதம், புரதத்தை வெட்டும் நொதி, அதில் நல்ல குழி இருக்கிறது. பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையில் உள்ள நிர்மட்ரெல்விர் அங்கேதான் போய் உட்காருகிறது. முள்ளை மறிக்க வேண்டுமென்றால் மிளகு போதாது, ஒரு கை அகலம் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் டேவிட் பேக்கர் குழு அதைத்தான் செய்தது. ஐம்பது அறுபது அமினோ அமிலம் நீளமுள்ள குட்டிப் புரதங்களைக் கம்ப்யூட்டரிலேயே புதிதாக வரைந்து, செய்து, ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்துக் காட்டியது. 2020-லேயே. அதிலும் செய்து பார்த்த பிறகுதான் பேசினார்கள்.

உங்கள் மிளகில் சத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. குளிருக்கு ஏற்காட்டில் மிளகு ரசம் குடித்தவளுக்கு அது தெரியும். இருமல் வந்தால் கபசுரமும் குடிக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அது வேலை செய்கிறதா என்பது ஆட்களுக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதை என் மாடி அறைப் பெட்டியிடம் கேட்காதீர்கள்.

“நம்ம மல்கோவா சாப்பிட்டால் ஏற்பி அடைபடுமா?”
*– மாம்பழ வியாபாரி, சேலம்*

வாய் அடைபடும். அதுவே பெரிய உதவி.

“ஏஸ்-2 என்பது ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் பத்து வருஷமாக டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன். அது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுமா? நிறுத்திவிடட்டுமா?”
*– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், குகை*

நிறுத்தாதீர்கள் ஐயா. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் அண்ணன் 2020 ஏப்ரலில் இப்படித்தான் ஏதோ படித்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் வாரம் மேல் அழுத்தம் 190. ஊரடங்கில் வண்டி கிடைக்காமல் அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். கொரோனா அவரைத் தொடவே இல்லை, அதைப் பற்றிப் படித்ததுதான் படுக்கவைத்தது.

உங்கள் சந்தேகம் அர்த்தமில்லாதது அல்ல. ‘ப்ரில்’, ‘சார்ட்டன்’ என்று முடியும் மாத்திரைகள் செல்லில் ஏஸ்-2வின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று விலங்குச் சோதனைகள் சில முன்பே காட்டியிருந்தன. எண்ணிக்கை கூடினால் வாசல் கூடுமே என்று 2020 மார்ச்சில் மருத்துவர்களே கவலைப்பட்டார்கள். பிரேசிலில் அதை நேராகவே சோதித்தார்கள். கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த, இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்த 659 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 நாள் நிறுத்தினார்கள், மறுபாதிக்குத் தொடர்ந்தார்கள். உயிரோடு வீட்டில் இருந்த நாட்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2021 ஜனவரியில் முடிவு வெளியானது. பெயரில் குழப்பம் வேண்டாம்: ஏஸ் வேறு, ஏஸ்-2 வேறு. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பங்காளிகள். ‘ப்ரில்’ மாத்திரை அடக்குவது மூத்தவரை மட்டும். மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நான் மருத்துவர் இல்லை.

“வண்டலூரில் சிங்கத்துக்கே வந்ததே. எங்கள் பக்கத்தில் மான்கள் நிறைய. எந்த மிருகத்துக்கு ஒட்டும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டிச் சொல்லாதா?”
*– குரும்பப்பட்டிப் பூங்காவுக்குப் பக்கத்தில் வசிப்பவர்*

சொல்லிப் பார்த்தது. பாதி பலித்தது. ஏஸ்-2 முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளிடமும் உண்டு. அதன் அமினோ அமில வரிசையில் எழுத்து மட்டும் அங்கங்கே மாறும். 2020-இல் ஒரு குழு 410 பிராணிகளின் ஏஸ்-2வை மனிதனுடையதோடு வரிசை வரிசையாக ஒப்பிட்டது. பூனைக் குடும்பத்துக்கு நடுத்தர ஆபத்து என்றது. மறு வருஷம் ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குத் தொற்றி, ஒரு பெண் சிங்கம் இறந்தே போனது. சில மான் வகைகளை அதிக ஆபத்து வரிசையில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களிடம் 2021-இல் பரவலாகவே வைரஸ் தென்பட்டது. சபாஷ் என்று நினைக்கும்போது மிங்க் வந்து காலை வாரிவிட்டது. மிங்க் என்பது கீரி அளவில் ஒரு பிராணி, ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்ப்பார்கள். அந்த இனத்துக்கு ஆபத்து குறைவு என்பதுதான் கணக்கு. ஆனால் டென்மார்க் பண்ணைகளில் அது பரவிய வேகத்தைப் பார்த்து 2020 நவம்பரில் நாட்டில் உள்ள அத்தனை மிங்க்கையும், கோடிக்கு மேல், கொல்ல உத்தரவிட்டார்கள்.

எலி இன்னும் சுவாரசியம். நம் ஏஸ்-2வில் 353-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம். சுண்டெலிக்கு அங்கே ஹிஸ்டிடின். அந்த ஒரு இடமே முக்கியத் தடையாக இருந்தது, முதலில் வந்த வைரஸ் சுண்டெலியைப் பிடிக்கவே இல்லை. மருந்து சோதிக்க எலியில்லாமல் ஆய்வகங்கள் திண்டாடின. மனித ஏஸ்-2வைப் புகுத்திய எலிகளைத் தேடி ஓடினார்கள். பிறகு வைரஸ் முள்ளின் 501-ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் வந்தது. அந்த வகைகளுக்கு எலியும் எட்டியது.

“புதுசு புதுசாக வரும் வகைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட இறுக்கமாக ஒட்டுமா? நீங்கள் போட்ட கணக்கு தப்பாகிப் போனதுண்டா?”
*– லாரி உரிமையாளர், சங்ககிரி*

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், மனசில் இருப்பது அதுதான். உண்டு. என்னுடையது மட்டுமல்ல, 2020 ஜனவரியில் வெளியான முதல் கணக்குகளில் ஒன்று, புது வைரஸ் பழைய சார்ஸைவிடத் தளர்வாகத்தான் ஒட்டும் என்றது. ஆய்வகத்தில் அளந்தபோது புதியது பழையதைவிட இறுக்கம் என்று வந்தது. காரணம் உங்களுக்குப் புரியும். லோடு லாரியை எடை மேடையில் ஏற்றுங்கள். டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இரண்டையும் கழித்து டிரைவரின் எடையைச் சொல்லுங்கள். எங்கள் கணக்கு அதுதான். பெரிய எண் கழித்தல் பெரிய எண், நடுவில் ஒரு குட்டி எண். டீசல் கொஞ்சம் சிந்தினாலும் டிரைவர் இளைத்துவிடுவார்.

எங்களுக்கு நம்பிக்கையாக வருவது ‘ஏன்’ என்ற கேள்வி. மேலே சொன்ன 501-ஐயே எடுங்கள். டைரோசினில் தட்டு மாதிரி தட்டையான ஒரு பகுதி உண்டு. ஏஸ்-2வின் 41-ஆம் இடத்திலும் ஒரு டைரோசின். தோசை மேல் தோசை வைத்த மாதிரி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆல்ஃபா வகை இறுகப் பிடித்ததில் இதற்குப் பங்கு உண்டு.

முதல் கேள்விக்கு விடை: இல்லை. வைரஸுக்கு இரண்டு கவலை. செல்லில் ஒட்ட வேண்டும், நம் எதிர்ப்பணுக்களின் (ஆன்டிபாடி) பிடியில் சிக்கவும் கூடாது. முள்ளின் 417-ஆம் இடத்து லைசின் ஏஸ்-2வோடு ஒரு நல்ல பிணைப்புப் போட்டிருந்தது. பீட்டா வகை அதை மாற்றிக்கொண்டது. ஒட்டுவதில் நஷ்டம், ஆனால் எதிர்ப்பணு பிடிக்க முடியாமல் போனதில் லாபம். நஷ்டத்தை 501 ஈடுகட்டியது. ஒமிக்ரான் இந்தக் கொக்கித் துண்டில் மட்டும் ஒரேயடியாகப் பதினைந்து இடத்தை மாற்றிக்கொண்டு வந்தது. ஒன்று கெடுத்ததை இன்னொன்று சரிசெய்தது. 2023 கடைசியில் பரவிய ஜேஎன்.1 வகையும், 455-ஆம் இடத்தை மாற்றியபோது பிடியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் தப்பித்தது. நீங்கள் வாடகையில் விட்டுக்கொடுத்து ரிட்டர்ன் லோடு பிடிப்பதில்லையா?

“அக்கா, நான் பதினொன்றாம் வகுப்பு. எனக்கும் இந்த வேலை செய்ய ஆசை. வைரஸ் ஆராய்ச்சி என்றதும் அம்மா பயப்படுகிறார். பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமாமே?”
*– மாணவி, வாழப்பாடி*

கண்ணு, அம்மாவிடம் சொல்: அந்த அக்கா வீட்டில் வைரஸே இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. என்னைப் படுத்துவது முதுகுவலியும் கரண்ட் பில்லும்தான்.

பெரிய கம்ப்யூட்டர் பெரிய வேலைக்கு. 2020-இல் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டத்துக்கு இரவல் கொடுத்தார்கள். முள் எப்படி நிமிர்கிறது என்று சேர்ந்து கணக்குப் போட்டார்கள். ஆனால் இதில் பெயர் வாங்க நுண்ணறிவுதான் முதல் தேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் புரத இழை எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-இல் ஒரு வரைபடம் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டாலும் அந்த வரைபடத்தில் தேறுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். 2024-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கிய மூவரில், மேலே சொன்ன பேக்கரும் ஒருவர். இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றையும் விடாதே. உயிரியலைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

இந்த வாரமே ஆரம்பி. புரதங்களின் அமைப்பைச் சேர்த்துவைத்திருக்கும் பொதுக் களஞ்சியம் இணையத்தில் இலவசம். பள்ளிக் கம்ப்யூட்டரே போதும். 6எம்0ஜே என்ற குறியீட்டைத் தேடு. சிங்குவா குழு அளந்தது அதுதான், கொக்கியும் வளையமும் மாட்டிய நிலை. சுட்டியால் திருப்பித் திருப்பிப் பார். வளையத்தில் 353-ஆம் லைசினைக் கண்டுபிடி. கொக்கியில் 501 அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, ஆங்ஸ்ட்ராமில், அடுத்த இதழுக்குள் எழுதிப் போடு.